மகாத்மாவும் மாமிச போஜனமும்

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் முதலிய சென்னையின் தென்புற நகரங்களிலே அறை எடுத்துத் தங்கிக் கல்லூரியில் வாசிக்கும் வாலிபரும், உத்தியோகம் பார்க்கும் வாலிபரும் அநேகர். அவர்களில் தலைமுறை தலைமுறையாக மரக்கறி உணவே கொண்ட குடும்பங்களில் பிறந்தவர்களும் உண்டு. அப்படிப்பட்ட பிள்ளை ஒருவன் மாலையில் ரயிலை விட்டிறங்கி ஜி. எஸ். டி. ரோட்டில் நடந்து வருகிறான். பிரியாணிக் கடைகளின் வாசனையும் கூட வரும் சிநேகிதனுடைய வற்புறுத்தலும் சேர்ந்து அவனை உள்ளே இழுத்து விடுகின்றன. இரவு டெலிபோனில் என்ன சாப்பிட்டாய் என்று தாயார் கேட்டால், தயிர் சாதம் என்று பதில் போகிறது. இது ஊரறிந்த இரகசியம்.

இவர்களை வைவோரும் உண்டு, கேலி செய்வோரும் உண்டு. நாம் இரண்டும் செய்யப் புகவில்லை. தமிழ்நாட்டில் பெரும்பாலோர் மாமிசம் உண்பவர்களே. அதனால் அவர்களை ஒருவர் தாழ்வாக எண்ணுவது பேதைமை. நாம் நினைவூட்ட விரும்புவது வேறொன்று. அவ்வாலிபன் நாள்தோறும் கடந்து செல்லும் கிண்டியிலே எந்த மகானுக்கு மண்டபம் எழுப்பியிருக்கிறோமோ, அந்த மகானும் பள்ளிக்கூட நாட்களில் இதே வழியில் கால் வைத்தவர்தாம்.

மோகன்தாஸ் காந்தி 1869-ம் வருஷம் அக்டோபர் 2-ந் தேதி போர்பந்தரில் பிறந்தார். குடும்பம் வைஷ்ணவக் குடும்பம். குஜராத்திலே ஜைனர்களின் செல்வாக்கும் மிகுதி. மாமிசம் என்ற சொல்லே அவ்வீடுகளில் அருவருப்பை உண்டாக்கும். தாயார் புத்லிபாய் கடுமையான விரதங்களை அநுஷ்டித்து வந்தவர். இப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த பிள்ளையை ராஜ்கோட்டில் மாமிசத்தின்பால் இழுத்தது எது? நாவின் சபலமன்று. தேசாபிமானம்!

இவ்விடத்தை நேயர்கள் சற்று நின்று கவனிக்க வேண்டும். தமையனாருடைய வகுப்புத் தோழராக இருந்து பின்னர் இவருக்கும் சிநேகிதரான ஷேக் மேதாப் என்பவர் நெடுந்தூரம் ஓடுவார், உயரத் தாண்டுவார், எதற்கும் அஞ்ச மாட்டார். மோகன்தாஸோ பாம்புக்கும் திருடனுக்கும் பேய்க்கும் பயந்து, விளக்கில்லாமல் உறங்க முடியாதவர். ஆங்கிலேயர் மாமிசம் உண்பதால் பலசாலிகள். பலசாலிகளாதலால் நம்மை ஆளுகிறார்கள். நாம் உண்ணாததால் பலஹீனர்களாய் அடிமைப்பட்டோம் என்பதே சிநேகிதரின் வாதம். உபாத்தியாயர்களில் சிலரும் ஊர்ப் பெரிய மனிதர் சிலரும்கூட மறைவாக உண்கிறார்கள் என்றும் அவர் சொன்னார். தமையனாரோ முன்னமே அக்கட்சியில் சேர்ந்தாயிற்று. நாடு முழுவதும் மாமிசம் உண்ணத் தொடங்கினால் ஆங்கிலேயரை வெல்லலாம் என்ற எண்ணம் அந்த இளம் மனத்தில் வேரூன்றியது. ஆளுகிறவன் உண்பதை உண்டால் அவனுடைய வல்லமை வந்துவிடும், அவன் உடுப்பதை உடுத்தால் அவனுடைய மதிப்பு வந்துவிடும் என்ற மயக்கம் அக்காலத்தில் படித்த வகுப்பார் பலரையும் பிடித்திருந்தது. ஒரு பள்ளிச் சிறுவன் அதற்குத் தப்பாததில் என்ன ஆச்சரியம்?

ஆற்றங்கரையில் தனியான இடம் ஒன்று பார்த்துச் சோதனை நடந்தது. ஆட்டிறைச்சியும் கடை ரொட்டியும் கொண்டுபோனார்கள். ரொட்டியும் பிடிக்கவில்லை, இறைச்சியோ தோல்போல் கடினமாயிருந்தது. மோகன்தாஸுக்குக் குமட்டல் எடுத்தது. உண்ண முடியாமல் எழுந்து விட்டார். அன்றிரவு கண்ணை மூடினால் வயிற்றுக்குள் உயிருள்ள ஆடு ஒன்று கதறுவது போலத் தோன்றித் திடுக்கிட்டு எழுந்தார். அப்படியும் அவர் பின்வாங்கவில்லை. இது ஆசையன்று, கடமை என்று மனத்துக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார். சிநேகிதரும் சளைத்தவரல்லர், சமஸ்தானத்து விருந்தினர் மாளிகையில் சமையற்காரனைக் கைக்குள் போட்டுக்கொண்டு, மேஜை நாற்காலி சகிதமாக ருசியான பதார்த்தங்களுக்கு ஏற்பாடு செய்தார். நாளடைவில் அருவருப்பு அகன்றது, ஆட்டின்மீதிருந்த இரக்கமும் அகன்றது, ருசியும் பிடித்துப் போயிற்று. சுமார் ஒரு வருஷ காலத்தில் இப்படி ஐந்தாறு விருந்துகளுக்கு மேல் நடக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் செலவு அதிகம்.

விருந்து நடந்த நாட்களில் வீட்டில் சாப்பிட இயலாது. ஏன் உண்ணவில்லை என்று தாயார் கேட்பார். பசியில்லை, ஜீரணம் சரியில்லை என்று மகன் சொல்வார். ஆட்டின் கதறலுக்கு அசையாத மனம் இந்தப் பொய்யினால் அசைந்தது. மாமிசம் உண்பது அவசியமேயானாலும், பெற்றோரை ஏமாற்றுவது அதனினும் கேடு. ஆகையால் அவர்கள் உயிரோடிருக்கும் வரையில் தொடுவதில்லை, பிற்காலத்தில் சுதந்தரமாக வெளிப்படையாய் உண்ணலாம் என்று தீர்மானித்துச் சிநேகிதரிடமும் தெரிவித்து விட்டார். மாமிசம் தீது என்ற முடிவுக்கு அவர் அப்போது வந்தாரில்லை. அவர் விட்டது பொய்யை. சரித்திரம் எழுதுவோர் பலர் இந்த வித்தியாசத்தைக் கவனியாமல் கடந்து போகிறார்கள்.

தமையனாருக்கு இருபத்தைந்து ரூபாய் அளவில் கடன் ஏற்பட்டபோது, அவருடைய பொற்காப்பில் சிறு துண்டை வெட்டி அதைத் தீர்த்ததும், பின்பு மனம் பொறாமல் நோயாய்க் கிடந்த தந்தையாரிடம் எழுதிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டதும் யாவரும் அறிந்ததே. தந்தையார் கண்ணீர் விட்டுக் காகிதத்தைக் கிழித்தெறிந்தார். மாமிச விஷயத்தை மட்டும் பெற்றோர் கடைசி வரையில் அறியவே இல்லை. தந்தையார் 1885-ல் காலமானார்.

1888-ல் சீமைக்குப் போகும் யோசனை வந்தபோது, அங்கே சென்ற பிள்ளைகள் மதுவும் மாமிசமும் உண்டு கெடுகிறார்கள் என்று கேட்டு புத்லிபாய் அஞ்சினார். பேச்சர்ஜி சுவாமி என்ற ஜைன முனிவர் முன்னிலையில் மது, மாது, மாமிசம் மூன்றையும் தொடுவதில்லை என்று மகன் பிரமாணம் செய்து கொடுத்த பின்னரே விடை கிடைத்தது. செப்டம்பர் 4-ந் தேதி பம்பாயில் கப்பலேறினார்.

லண்டனில் அவர் பட்ட பாடு கொஞ்சமன்று. உப்பும் மசாலையுமின்றி வேகவைத்த கறிகாய்கள் வாயில் வைக்க வழங்கவில்லை. ரொட்டி இரண்டு மூன்று துண்டுக்கு மேல் கேட்கக் கூச்சம். அரைப் பட்டினி. படிப்பறியாத தாயார் முன் செய்த பிரதிக்ஞைக்கு மதிப்பேது என்று ஒரு நண்பர் வாதித்தார். பெந்தாமின் நூலை எடுத்து வாசித்தும் காட்டினார். அந்த நுட்பங்கள் தமக்கு விளங்கவில்லை, ஆனால் கொடுத்த வாக்கை மீற முடியாது என்று மட்டும் இவர் பதில் சொன்னார். வாதத்தில் தோற்று விரதத்தில் வென்றார் என்றே சொல்லலாம். இன்னொரு நாள் ஹோல்பார்ன் உணவுச் சாலையில் விருந்துக்கு அழைத்திருந்தபோது, ஸூப்பில் என்ன சேர்ந்திருக்கிறதென்று பரிசாரகனை விசாரித்ததில் அந்நண்பருக்குக் கோபம் வந்தது. இவர் எழுந்து வெளியே வந்தார். பக்கத்திலிருந்த மரக்கறிச் சாலையும் மூடியிருந்ததால் அன்றிரவு பட்டினி.

நாள்தோறும் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்து திரிந்ததில் ஃபாரிங்டன் தெருவில் மரக்கறி உணவுச் சாலை ஒன்று கண்ணில் பட்டது. வாசலில் விற்பனைக்கு வைத்திருந்த ஹென்றி ஸால்ட் என்பவருடைய சிறு நூலை ஒரு ஷில்லிங் கொடுத்து வாங்கிக்கொண்டு உள்ளே போய், சீமைக்கு வந்த பின் முதல் முறையாக வயிறார உண்டார். நூலை முதலிலிருந்து முடிவு வரை வாசித்தார். அதுவரையில் தாய்க்குக் கொடுத்த வாக்குக்காகவே மாமிசத்தை விலக்கி வந்தவர், இந்தியர் யாவரும் ஒரு நாள் மாமிசம் உண்ண வேண்டும் என்ற பழைய எண்ணத்தையும் உள்ளே வைத்திருந்தவர், அன்று முதல் தம் சொந்த அறிவினால் மரக்கறி உணவினரானார். பிறகு லண்டன் மரக்கறி உணவினர் சங்கத்தின் நிர்வாக சபையிலும் அமர்ந்தார். முட்டை மாமிசமாகாது என்று சிலர் சொன்னதைக் கேட்டுச் சில நாள் உண்டார். தாயார் எந்தப் பொருளில் பிரமாணம் வாங்கினாரோ அந்தப் பொருளே தம்மைக் கட்டும் என்று தெளிந்து அதையும் நீக்கினார்.

சொந்த உடம்பைப் பற்றிய பிடிவாதம் எளிது. மனைவி மக்கள் உயிர் ஊசலாடும்போதுதான் சோதனை. 1902-ல் பம்பாயில் பத்து வயது மணிலால் விஷ சுரத்தில் கிடக்க, டாக்டர் முட்டையும் கோழி ரசமும் கொடுக்கச் சொன்னார். தந்தை மறுத்து ஜல சிகிச்சை செய்தார், பிள்ளை பிழைத்தான். பிழைத்திராவிட்டால் உலகம் என்ன சொல்லியிருக்கும் என்று நமக்கும் தோன்றாமலில்லை. டர்பனில் ரண சிகிச்சைக்குப் பின் மெலிந்து கிடந்த கஸ்தூரிபாவுக்கு மாட்டிறைச்சி ரசம் அவசியமென்று டாக்டர் கூறியபோது, காந்தியடிகள் முடிவை அவ்வம்மையாருக்கே விட்டார். அதைவிடக் கணவர் மடியில் உயிர் விடுவதே மேல் என்பது அம்மையாரின் தீர்ப்பு.

பிறர் விஷயத்தில் அவர் நடந்து கொண்ட முறையும் கவனிக்கத் தக்கது. 1910-ல் ஏற்பட்ட டால்ஸ்டாய் பண்ணையில் தமிழர் உட்பட ஹிந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள், பார்ஸிகள் கூடி வாழ்ந்தார்கள். மாமிசம் வேண்டுவோருக்கு மறுக்க அவர் துணியவில்லை. தம் கருத்தைச் சொல்லிக் கேட்டார்; கேட்டவர்கள் மனமுவந்து ஒரே மரக்கறிச் சமையலுக்குச் சம்மதித்தார்கள்.

1912-ல் பாலையும் விட்டார். 1918-ல் சீதபேதியால் எலும்புந்தோலுமாகிய சமயம், விரதம் எடுக்கையில் பசுவையும் எருமையையுமே நினைத்திருப்பீர்கள், ஆட்டுப் பாலுக்குத் தடையென்ன என்று கஸ்தூரிபா கேட்கவே, உயிர் வாழும் ஆசையால் இணங்கினார். சொல் நின்றது, சொல்லின் உட்பொருள் போயிற்று என்ற வருத்தம் அவரை விடவில்லை. ராஜ்கோட்டில் ஆட்டிறைச்சி உண்டதைக் காட்டிலும் ஆட்டுப் பால் குடித்தது அவரை அதிக காலம் உறுத்தியதென்றே நாம் எண்ணுகிறோம்.

வட்டமேஜை மகாநாட்டுக்காக லண்டன் சென்றிருந்தபோது, 1931-ம் வருஷம் நவம்பர் 20-ந் தேதி பழைய மரக்கறிச் சங்கத்தார் அவரை அழைத்துப் பேசச் செய்தார்கள். உடல் நலத்துக்காக மட்டும் மாமிசத்தை விட்டவர்கள் நோய் வந்தால் அதற்கே திரும்பி விடுகிறார்கள் என்றும், தர்ம உணர்ச்சியால் விட்டவர்களே நிலைப்பார்கள் என்றும் அங்கே அவர் எடுத்துரைத்தார். அப்போது எண்பது வயது நிரம்பியிருந்த ஹென்றி ஸால்ட்டும் அக்கூட்டத்துக்கு வந்து அவர் பக்கத்தில் அமர்ந்திருந்தார்.