வில்லியம் ஸ்டான்லி

மின்சாரத்தை நெடுந்தொலைவு கொண்டுசெல்ல வழி கண்டோருள் வில்லியம் ஸ்டான்லி முன்னணியில் நிற்பவர். அமெரிக்க ஐக்கிய நாட்டின் புரூக்லின் நகரில் 1858-ஆம் ஆண்டு பிறந்தார். தந்தையார் வழக்கறிஞர். மைந்தரோ யேல் பல்கலைக்கழகத்தில் நெடுநாள் தங்கவில்லை. இயந்திரங்களே அவருள்ளத்தைக் கவர்ந்தன.

அந்நாளில் எடிசன் பரப்பிய நேர்மின்னோட்டம் ஏறக்குறைய ஒரு மைலுக்கப்பால் பயன்படவில்லை. கம்பியில் வெப்பமாய் வீணாகும் ஆற்றல் ஓட்டத்தின் இருமடிக்கேற்பப் பெருகும் என்பதை நாம் அறிவோம். மின்னழுத்தத்தைப் பத்து மடங்கு உயர்த்தினால் ஓட்டம் பத்திலொன்றாகும்; இழப்போ நூற்றிலொன்றாகும். உயர்த்தாவிடில் கம்பியைப் பருமனாக்கவேண்டும். செம்பின் விலை அதற்கு இடங்கொடாது. வீட்டினுள் உயர்ந்த அழுத்தம் உயிருக்கு ஆபத்து. ஆகவே மாறுமின்னோட்டத்தின் அழுத்தத்தை ஏற்றவும் இறக்கவும் வல்ல டிரான்ஸ்பார்மர் இன்றியமையாததாயிற்று.

கோலார்டு, கிப்ஸ் என்போர் ஐரோப்பாவில் அமைத்த கருவிகளை வெஸ்டிங்ஹவுஸ் 1885-இல் தருவித்தார். அவற்றைத் தொடராகப் பிணைத்திருந்தமையால் ஓரிடத்து விளக்கை அணைப்பின் ஏனையிடங்களின் ஒளியும் மாறுபடும். அவ்வாண்டிலேயே ஹங்கேரியப் பொறியாளர் மூவர், மூடிய இரும்பு உள்ளகமும் பக்க இணைப்பும் கொண்டு இக்குறையைத் தீர்த்தனர். ஆயினும் அவ்வளையத்தினூடே கம்பியைக் கோத்துக் கோத்துச் சுற்றவேண்டும், கூலி மிகும்.

வெஸ்டிங்ஹவுஸிடம் பணியாற்றிய ஸ்டான்லி, உடல் நலங்குன்றி, பிட்ஸ்பர்க் நகரைவிட்டுத் தம் குடும்பத்தார்க்குரிய கிரேட் பாரிங்டன் என்னும் சிற்றூரை அடைந்தார். நோயாளி ஓய்ந்திருந்தாரா? கைவிடப்பட்ட ரப்பர் ஆலையொன்றில் தம் ஆய்வைத் தொடர்ந்தார்! 1886 மார்ச்சுத் திங்களில் 500 வோல்ட்டு மின்சாரம் அவ்வூர்த் தெருவழியே ஓடிற்று. நிலவறைகளில் வைத்த டிரான்ஸ்பார்மர்கள் அதனை 100 வோல்ட்டாக இறக்கின. கடைகளில் விளக்குகள் ஒளிர்ந்தன.

அடுத்தது விலைக் குறைப்பு. வெஸ்டிங்ஹவுஸும் ஸ்டான்லியும் துணைவரும், ஆங்கில 'ஈ' எழுத்தின் வடிவில் மெல்லிய இரும்புத் தகடுகளை வெட்டி, இடையே காகிதமிட்டு அடுக்கினர். தனியே சுற்றி வைத்த செம்புச் சுருளை அதில் நுழைத்து, நேர்த்தகடுகளால் வாயை மூடினால் வேலை முடிந்தது. தகடு மெல்லியதாதலின் இரும்பினுள் சுழலோட்டம் குறையும். செம்பின் இழப்பு விளக்கெரியும்போதே பெரிதாகும். இரும்பின் இழப்போ ஒரு விளக்கும் எரியாத நள்ளிரவிலும் நீங்காது. இரும்பைக் கூட்டுவதா, செம்பைக் கூட்டுவதா? பொறியாளருக்குக் கணக்குப்பிள்ளையின் கண்ணும் வேண்டும் போலும்!

பின்னர் ஸ்டான்லி பிட்ஸ்ஃபீல்டில் தம் பெயரால் தொழிற்சாலை நிறுவினார். 1903-இல் அது ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் கைக்கு மாறிற்று. 1916-ஆம் ஆண்டு, தாம் முதலில் ஒளியேற்றிய அக்கிரேட் பாரிங்டனிலேயே அவர் உயிர் நீத்தார்.