கண்ணாடி டாலருக்குள் ஒரு துணுக்கு எலும்பு... யார் இந்த அருளானந்தர்? புதுக்கோட்டை சீமைக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

பழைய கத்தோலிக்கக் குடும்பங்களில் சிலரிடம் ஒரு சின்ன டாலர் இருக்கும். முன்பக்கம் கண்ணாடி. உள்ளே பட்டுத்துணி மேல் கடுகளவு ஒரு துணுக்கு, அதன் கீழே லத்தீனில் ஒரு பெயர்ச்சீட்டு. பின்பக்கத்தைத் திறந்தால் குறுக்கே கட்டிய நூலும் சிவப்பு அரக்கு முத்திரையும் தெரியும். இதற்குள் இருப்பதைத்தான் திருப்பண்டம் என்கிறார்கள்.

தமிழ் மண்ணில் உயிர்விட்டு, இப்படி வணங்கப்படும் புனிதர்களில் முக்கியமானவர் ஜான் டி பிரிட்டோ. நம்ம ஊர்க்காரங்க வைத்த பெயர் அருளானந்தர். அவர் கதையைப் பார்ப்போம்.

அரண்மனையில் வளர்ந்த பையன்

1647 மார்ச் 1-ம் தேதி போர்ச்சுகலின் லிஸ்பன் நகரில் பிறந்தார். அப்பா பிரேசிலில் ஆளுநராக இருந்து அங்கேயே இறந்துபோனார். மகன் அரண்மனையில், பின்னாளில் மன்னரான பெட்ரோவின் தோழனாக வளர்ந்தார்.

சின்ன வயதில் கடும் நோய் வந்தது. பிள்ளை பிழைத்தால் ஒரு வருடம் துறவி உடை போட்டுவிடுகிறேன் என்று புனித சவேரியாரிடம் அம்மா நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தது, நேர்த்தியும் நிறைவேறியது. ஆனால் அந்த உடை மேல் இருந்த ஆசை பையனை விடவில்லை. 1662-ல் இயேசு சபையில் சேர்ந்தார். 1673-ல் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்.

காவி கட்டிய பண்டாரசாமி

கோவா வழியாகத் தமிழகம் வந்தவர் மதுரை மிஷனில் இணைந்தார. காவி கட்டினார், இறைச்சியை விட்டார், தமிழ் கற்றார். பண்டாரசாமி வேடம் அவர் கண்டுபிடித்தது இல்லை. அவருக்கு முன்பிருந்த இயேசு சபைத் துறவிகள் காட்டிய வழி அது. எல்லா சாதியினரிடமும் போய்ப் பழக அந்தக் கோலம் உதவியது.

1686-ல் மறவர் சீமையில் முதல் முறை பிடிபட்டு, கடுமையாகச் சித்ரவதை செய்யப்பட்டார். கடைசியில் ராமநாதபுரத்தில் கிழவன் சேதுபதி முன் நிறுத்தினார்கள். சேதுபதி அவரைக் கொல்லவில்லை. இனி இந்தச் சீமையில் போதிக்கக் கூடாது என்று சொல்லி விடுதலை செய்தார்.

அதன்பிறகு சபை வேலையாக ஐரோப்பா போனார். பழைய தோழர் பெட்ரோ இப்போது மன்னர். லிஸ்பனிலேயே இருந்துவிடச் சொன்னார். அருளானந்தர் கேட்கவில்லை. 1690-ல் மறுபடியும் இந்தியா வந்து, தடை போட்ட அதே மறவர் சீமைக்குள் போனார்.

மரணத்துக்குக் காரணம் மதம் மட்டும்தானா?

இல்லை, இதில் அரசியலும் இருந்தது, ஒரு குடும்பத்தின் வலியும் இருந்தது.

மறவர் தலைவர்களில் ஒருவரான தடியத்தேவர் நோயிலிருந்து மீண்டதும் ஞானஸ்நானம் கேட்டார். ராமநாதபுரம் அரியணைக்கு உரிமை கோரக்கூடிய வம்சம் அவருடையது. அவருக்கு மனைவியர் பலர். ஒருத்தியை மட்டும் வைத்துக்கொண்டால்தான் ஞானஸ்நானம் என்பது அருளானந்தர் வைத்த நிபந்தனை. தடியத்தேவர் ஒப்புக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். 1693 ஜனவரியில் ஞானஸ்நானம் நடந்தது.

விலக்கப்பட்டவர்களில் இளையவர் கடலாயி. அவர் சேதுபதியின் உறவுப் பெண். நேற்றுவரை மனைவி, இன்று யாரோ என்ற நிலை. நியாயம் கேட்டு சேதுபதியிடம் போனார். அருளானந்தருக்கு இது மதக் கொள்கை. கடலாயிக்கு இது வாழ்க்கை. சேதுபதிக்கோ, போட்டியாளர் ஒருவர் புதிய மதத்தினரைத் தன் பக்கம் சேர்த்துவிடுவாரோ என்ற பயம். மூன்றும் ஒரே இடத்தில் வந்து மோதின.

சில நாட்களில் அருளானந்தர் கைது செய்யப்பட்டார். ராமநாதபுரத்தில் வைத்துக் கொன்றால் கலவரம் வரலாம் என்று, ஓரியூரில் இருந்த தன் தம்பியிடம் சேதுபதி அனுப்பிவைத்தார். 1693 பிப்ரவரி 4-ம் தேதி அங்கே தலை துண்டிக்கப்பட்டது. வயது 45. அதற்கு முன், சிறையில் மை கிடைக்காததால் கரியைக் கொண்டு சக துறவிகளுக்குக் கடிதம் எழுதியிருந்தார்.

புதுக்கோட்டை எங்கே வருகிறது?

புதுக்கோட்டை சமஸ்தானம் உருவானதிலும் இதே கிழவன் சேதுபதிக்குப் பங்கு உண்டு. ரகுநாதத் தொண்டைமானின் சகோதரி காதலியை மணந்தவர் இவர். புதுக்கோட்டைப் பகுதியை ஆளும் உரிமை தொண்டைமானுக்கு இவர் மூலம்தான் வந்தது. கடலாயி வேறு, காதலி வேறு. குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அருளானந்தர் கொல்லப்பட்டதும் மிஷன் வேலை நிற்கவில்லை. அதே 17-ம் நூற்றாண்டின் கடைசியில், இன்றைய புதுக்கோட்டை மாவட்டம் ஆவூரில் பாதிரியார் வெனான்சியுஸ் புஷே தேவாலயம் கட்டினார். இப்போதுள்ள பெரிய ஆலயம் 1747-ல் எழுந்தது. வீரமாமுனிவர் பணியாற்றிய ஊர்களில் ஆவூரும் ஒன்று. ஆவூர் கோயில் 1547-ல் கட்டப்பட்டது என்று சில இணையப் பக்கங்களில் இருக்கும். புஷே பிறந்ததே 1655-ல்தான் என்பதால் அது சரியாக இருக்க முடியாது.

டாலரை எப்படிப் படிப்பது?

திருப்பண்டங்களை வழக்கமாக மூன்று வகையாகச் சொல்வார்கள். புனிதரின் உடல் பகுதி முதல் வகை. அவர் உடுத்திய துணி, பயன்படுத்திய பொருள் இரண்டாவது. இவற்றில் தொட்டு எடுத்த பொருள் மூன்றாவது.

சீட்டில் 'எக்ஸ் ஒசிபுஸ்' என்று இருந்தால், எலும்பிலிருந்து எடுத்தது என்று அர்த்தம். பெயருக்கு முன்னால் உள்ள எழுத்தும் முக்கியம். அருளானந்தருக்கு 1853-ல் முத்திப்பேறு பட்டமும், 1947 ஜூன் 22-ல் புனிதர் பட்டமும் கிடைத்தன. அதனால் முத்திப்பேறு பெற்றவர் என்பதைக் குறிக்கும் 'பி' இருந்தால் சீட்டு 1947-க்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம். 'எஸ்' இருந்தால் அதற்குப் பிந்தையது.

அரக்கு முத்திரை உடைந்தால் நம்பகத்தன்மையும் போய்விடும். அதனால் ஆர்வத்தில் நூலை அறுத்துப் பார்க்காதீங்க. கூடவே சான்றுக் கடிதம் இருந்தால் பத்திரப்படுத்துங்க.

விற்கலாமா? புனிதத் திருப்பண்டங்களை விற்பதை கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் தடை செய்கிறது. நூறு வருடத்துக்கு மேல் பழமையான கலைப்பொருள் என்றால் 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டமும் குறுக்கே வரும். தனிநபர் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. ஆன்லைனில் யாராவது விலை பேசினால் உஷார்.

ஓரியூர் போகிறவர்களுக்கோ டாலரே தேவைப்படுவதில்லை. அங்கே மண் சிவப்பாக இருக்கும். அருளானந்தர் ரத்தம் பட்டுச் சிவந்தது என்பது மக்கள் நம்பிக்கை. ஒரு கைப்பிடி அள்ளித் தாளில் மடித்து எடுத்துப் போகிறார்கள். அதற்கு முத்திரையும் கிடையாது, சான்றிதழும் கிடையாது.