பேத்தை மீனின் ஈரலும் ஒரு பெருங்கலைஞரின் மரணமும்

கல்முனைக் கரையில் வலை இழுத்து முடிந்ததும், வயிற்றை ஊதிக்கொண்டு மணலில் கிடக்கும் பேத்தையை யாரும் கூடையில் போடுவதில்லை. அதே இன மீன் ஜப்பானில் விலை கூடிய விருந்துணவு. அங்கே அதற்குப் பெயர் ஃபுகு. அந்த நாட்டின் புகழ்பெற்ற நாடகக் கலைஞர் ஒருவரின் உயிரை அது பறித்தது.

எட்டாவது பண்டோ மிட்சுகோரோ 1906 இல் பிறந்தவர். நம்முடைய கூத்தைப் போலவே ஆட்டமும் பாட்டும் கலந்த மரபு நாடகமான கபுகிதான் அவருடைய உலகம். அங்கே மேடைப் பெயரும் தலைமுறை தலைமுறையாகக் கைமாறும். ஏழாவது மிட்சுகோரோவின் வளர்ப்பு மகனான அவர், 1962 இல் அந்தப் பெயரை ஏற்றார். 1973 இல் 'வாழும் தேசியச் செல்வம்' என்ற உயர்ந்த மதிப்பை அரசாங்கம் அவருக்கு வழங்கியது.

சாப்பாட்டிலும் அவர் பெரிய ரசிகர். 1975 ஜனவரியில் கியோட்டோவில் ஃபுகு ஈரலை நான்கு பங்கு சாப்பிட்டார். ஈரலைப் பரிமாற அங்கே தடை இருந்தது. ஆனாலும் அவ்வளவு பெரிய மனிதர் கேட்டபோது சமையற்காரர் மறுக்கவில்லை. சில மணி நேரத்தில் கைகால் செயலிழந்து, மூச்சுவிட முடியாமல் ஜனவரி 16 இல் அவர் இறந்தார். வயது 68.

பேத்தையின் ஈரலிலும் சினையிலும் செறிந்திருக்கும் டெட்ரோடொக்சின் என்ற நஞ்சு நரம்புகளின் வேலையை நிறுத்திவிடும். அவித்தாலும் பொரித்தாலும் அது அழியாது. மீனுக்கு மீன் அதன் அளவும் மாறும். அதனால், முன்பு சாப்பிட்டு ஒன்றும் ஆகவில்லை என்பது எந்தப் பாதுகாப்பும் இல்லை.

சமையற்காரர் கவனக்குறைவுக் குற்றவாளி என்ற தீர்ப்பை 1980 இல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. 1983 இல் ஈரலைப் பரிமாறுவது நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டது.

மிட்சுகோரோ ருசிக்காகச் சாப்பிட்டார். யுத்தமும் இடப்பெயர்வும் கண்ட நம் கரையோரத்தில், கறிக்கு வழியில்லாத வீடுதான் கழித்துப்போட்ட மீனைப் பொறுக்கும். கடலோரத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் பேத்தையை அடையாளம் காட்டிவைப்பது நம் கடமை.

தெரியாமல் சாப்பிட்டு உதடும் நாக்கும் விறைத்தால் கைவைத்தியம் பார்த்து நேரம் கடத்தக் கூடாது. இந்த நஞ்சுக்கு மாற்று மருந்து இல்லை. ஆனால் நேரத்தோடு வைத்தியசாலைக்குப் போனால், நஞ்சு உடலைவிட்டு நீங்கும்வரை செயற்கைச் சுவாசம் கொடுத்து உயிரைக் காப்பாற்ற முடியும். அதே கறியைச் சாப்பிட்ட மற்றவர்களையும் கூடவே கூட்டிச் செல்ல வேண்டும்.