யாரும் அனுப்பாத ஊழியர்



பௌர்ணமி நாளில் நம் வேங்கிக்காலிலிருந்து டவுனுக்குள் போகிறவர்கள், வழியோரம் பாத்திரத்தோடு உட்கார்ந்திருக்கும் கண் தெரியாதவர்களைப் பார்த்திருப்பீங்க. நாமும் சில்லறை போட்டுவிட்டுப் போய்விடுகிறோம். பர்திமேயுவைப் பற்றிய பிரசங்கம் கேட்டுவிட்டு வருகிற நாளிலும் அப்படித்தான்! சில்லறையோடு நிற்க முடியாத ஒரு தேவ ஊழியரைப் பற்றி எழுதுகிறேன்.

எர்ன்ஸ்ட் கிறிஸ்டோஃபெல் 1876-ம் வருஷம் ஜெர்மனியில் ரைட் என்ற ஊரில் பிறந்தார். 1904-ல் தன் சகோதரி ஹெட்விக்கோடு துருக்கி தேசம் போய், சிவாஸ் பட்டணத்தில் அர்மீனிய அநாதைப் பிள்ளைகளின் இல்லங்களை மூன்று வருஷம் நடத்தினார். அங்கேதான் இந்தப் பாரம் வந்தது. அநாதைகளுக்காவது இல்லம் இருக்கு. தெருவில் தடவித் திரிகிற குருடருக்கு யார் இருக்கா?

ஊர் திரும்பி மிஷன் சங்கங்களைக் கேட்டுப் பார்த்தார். ஒருவரும் அனுப்ப முன்வரவில்லை. சரி, நானே போகிறேன் என்று கிளம்பிவிட்டார். 1908-ல், நண்பர்கள் சிலர் கொடுத்த காணிக்கையை நம்பி, சகோதரியோடு மலாத்யா போய் ஒரு இல்லம் தொடங்கினார். அதற்கு வைத்த பெயர் பெதஸ்தா. குளத்தில் இறக்கிவிட ஆளில்லாமல் 38 வருஷம் படுத்துக்கிடந்தானே ஒருவன், அந்த இடத்தின் பெயர்தான். குருடர், ஊனமுற்றோர், யாருமற்ற பிள்ளைகள் எல்லாருக்கும் அங்கே இடம் கிடைத்தது.

பிறகு உலக யுத்தம். 1915-ல் அர்மீனியர் கூட்டங்கூட்டமாய்த் துரத்தப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். அப்போது ஜெர்மனியில் இருந்த கிறிஸ்டோஃபெல் 1916-ல் மலாத்யாவுக்கே திரும்பினார். தப்பினவர்களுக்கு அடைக்கலம் கொடுத்தார். யுத்தம் முடிந்ததும், 1919-ல், அவரையே நாட்டைவிட்டு வெளியேற்றினார்கள். பத்து வருஷப் பிரயாசம் கையைவிட்டுப் போயிற்று.

மறுபடி துருக்கிக்குள் போக அனுமதி கிடைக்கவில்லை. பெர்சியாவுக்குப் போனார். 1925-ல் தப்ரீஸிலும், 1928-ல் இஸ்ஃபஹானிலும் பார்வையற்றோருக்கு இல்லங்கள் எழும்பின. பாரசீக மொழிக்கு, விரலால் தடவிப் படிக்கிற பிரெயில் எழுத்தையும் அமைத்தார். (நம் தமிழ்நாட்டில் மிஸ் ஆஸ்க்வித் அம்மையார் 1890-லேயே பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளியைத் தொடங்கிவிட்டார். அந்த அம்மாவின் கதையைத் தனியாய்ச் சொல்ல வேண்டும்.)

இரண்டாம் உலக யுத்தம் வந்தது. ஜெர்மானியர் என்பதால் 1943-ல் பிடித்துக் காவலில் வைத்தார்கள். 1946-ல் விடுதலையாகி ஊர் வந்தபோது வயசு எழுபது. அந்த வயசில் நாமாயிருந்தால் பென்ஷனைக் கேட்டிருப்போம்! அவரோ 1951-ல் திரும்பவும் இஸ்ஃபஹானுக்குப் புறப்பட்டுப் போனார். அங்கேயே 1955 ஏப்ரல் 23-ல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

அவருக்குப் பிறகு அந்த ஊழியம் கிறிஸ்டோஃபெல் பிளைண்ட் மிஷன் என்ற பெயரில் வளர்ந்தது. 1966 முதல் ஆப்கானிஸ்தானில் கண்புரை ஆபரேஷனுக்கு உதவி, பிறகு இந்தியாவுக்கும் வந்தது. திருச்சி ஜோசப் கண் ஆஸ்பத்திரிக்கும் அந்த உதவி கிடைத்தது.

கிறிஸ்டோஃபெலின் கல்லறை இஸ்ஃபஹானில் அர்மீனியர் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. குருடருக்கும் ஊனமுற்றோருக்கும் யாருமற்ற பிள்ளைகளுக்கும் தகப்பன் என்று அதில் எழுதி வைத்திருக்கிறார்கள்.