28 வயதில் ஐஓபி-யைத் தொடங்கியவர்: யார் இந்த சிதம்பரம் செட்டியார்?

நாமக்கல் முட்டை வளைகுடா நாடுகளுக்குப் போகுது. அதற்கான டாலர், ரூபாயாக மாறி இங்குள்ள வங்கிக் கணக்கிலேயே வந்து விழுது. 1930-களில் இது இவ்வளவு சுலபம் இல்லை. அந்நியச் செலாவணித் தொழில் பெரும்பாலும் பிரிட்டிஷ் வங்கிகள் கையில்தான் இருந்தது.

அதில் இறங்கத் துணிந்தவர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார். 1908-ல் நகரத்தார் குடும்பத்தில் பிறந்தவர். பர்மா, மலாயாவில் தொழில் செய்த தமிழர்களுக்கு இந்திய வங்கி ஒன்று வேணும் என்பது அவர் கணக்கு.

1937 பிப்ரவரி 10-ல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி பிறந்தது. காரைக்குடி, சென்னை, ரங்கூன் என ஒரே நாளில் மூன்று கிளைகள்!

ஆனால், 1942-ல் ஜப்பான் பர்மாவையும் மலாயாவையும் பிடித்தது. வங்கி எதை நம்பித் தொடங்கப்பட்டதோ, அந்த வெளிநாட்டு வியாபாரத்துக்கே அடி விழுந்தது. அதையும் தாங்கியது வங்கி. 1947-ல் இந்தியாவில் 38 கிளைகள், வெளிநாட்டில் 7 கிளைகள். பெரும்பாவூரில் ரேயான் ஆலையையும் தொடங்கினார் சிதம்பரம்.

1954 மார்ச் 13. சிங்கப்பூர் கலாங் விமான நிலையத்தில் தரையிறங்கும்போது விமானம் விபத்துக்குள்ளானது. இறந்த 33 பேரில் அவரும் ஒருவர். வயது 45 தான்.

அவர் போனாலும் வங்கி நிற்கல. 1969-ல் தேசியமயமான 14 வங்கிகளில் ஐஓபி-யும் ஒன்று.