கோபன்ஹேகனிலிருந்து வந்த தமிழ் மாணவர்

வரும் கோடை விடுமுறையில் டென்மார்க்கு நாட்டின் தலைநகரமான கோபன்ஹேகனுக்குச் செல்லும் வாய்ப்பு எனக்குக் கிட்டியிருக்கிறது. இரண்டு வாரப் பயணந்தான். செய்தியை விடுதியில் சொன்னதும் நண்பர்கள் ஆளுக்கொரு யோசனை கூறினர். கோடையானாலும் கம்பளிச் சட்டை வேண்டும் என்றார் ஒருவர். ஊறுகாய்ப் புட்டியை மறவாதே என்றார் மற்றொருவர். துறைமுகத்தருகே பாறைமேல் அமர்ந்திருக்கும் கடற்கன்னிச் சிலையைப் பார்க்காமல் திரும்பினால் பயணமே வீண் என்றார் இன்னொருவர். நானும் ஒரு குறிப்பேடு வாங்கி, பார்க்க வேண்டியவற்றை எழுதத் தொடங்கினேன். ஆனால் அதன் முதல் வரியில் நான் எழுதியது சிலையின் பெயருமன்று, அரண்மனையின் பெயருமன்று. 1719ஆம் ஆண்டில் நம் தரங்கம்பாடியில் கண்மூடிய ஒருவரின் பெயர். பர்த்தலோமேயு சீகன்பால்கு என்பது அப்பெயர்.

அந்தமானில் வளர்ந்த நான் இப்பெயரை எவ்வாறு அடைந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். என் தாத்தா இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி, நிக்கோபார்த் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியேறியவர். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் எங்கள் குடும்பம் போர்ட் பிளேருக்கு வந்தது. 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய அதே ஊர்தான். பள்ளியில் நிலப்படம் பார்க்கும்போது, பெரிய நிக்கோபாரின் தெற்கே கலத்தியா என்றோர் ஆறு இருப்பதைக் கண்டு வியந்தேன். அது தமிழுமன்று, இந்தியுமன்று, நிக்கோபாரியர் மொழியுமன்று. பின் எவர் மொழி? விடை கிடைக்கப் பல ஆண்டுகள் ஆயின. 1845இல் கோபன்ஹேகனிலிருந்து உலகைச் சுற்றப் புறப்பட்டு, 1846இல் நிக்கோபாருக்கு வந்த டேனியப் போர்க்கப்பலின் பெயர் அது. அதற்கும் முன்பே, 1756இல், தரங்கம்பாடியிலிருந்து டேனியர் நிக்கோபாருக்குச் சென்று குடியேற முயன்றிருக்கின்றனர். ஆகவே கோபன்ஹேகனிலிருந்து எங்கள் தீவுகளுக்கு வந்த பாதை சோழநாட்டுக் கடற்கரை வழியாகவே வந்தது. அப்பாதையைத் தேடிப் பின்னோக்கி நடந்தபோதுதான் சீகன்பால்கு எதிர்ப்பட்டார்.

செர்மனியின் சாக்சனி நாட்டிலுள்ள புல்சுநிட்சு என்னும் சிற்றூரில் 1682ஆம் ஆண்டு அவர் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்தார். உடல்நலமும் அவருக்கு வாய்க்கவில்லை. ஹாலே நகரில் பிராங்கே என்னும் பேராசிரியரிடம் சமயக்கல்வி பயின்றார்; நோயினால் அப்படிப்பும் இடையிடையே தடைப்பட்டது. இப்படிப்பட்ட இளைஞர் கடல்கடந்து செல்வார் என்று எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

அந்நாளில் டென்மார்க்கை ஆண்டவர் நான்காம் பிரெடரிக்கு மன்னர். 1620ஆம் ஆண்டு முதல் தரங்கம்பாடி டேனியர் கையில் இருந்தது. அங்கே சமயப்பணி செய்ய ஆள் வேண்டும் என்று மன்னர் விரும்பினார். டென்மார்க்கில் தக்கவர் கிடைக்காமையால் செர்மனியில் தேடினர். சீகன்பால்குவும் அவர் நண்பர் புளூச்சோவும் இசைந்தனர். 1705ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் இருவரும் கோபன்ஹேகனை அடைந்தனர்.

கடலோரத் தலைநகரம் ஒன்றுக்கு முதன்முறையாகச் செல்லும் இளைஞன் எவ்வளவு கனவுகளோடு செல்வான்! சீகன்பால்குவுக்கு அப்போது அகவை 23. ஆனால் அந்நகரம் அவரை மாலையிட்டு வரவேற்கவில்லை. குருப்பட்டம் பெறுவதற்கான தேர்வை நடத்திய பேராயர், இருவரையும் முதலில் தகுதியற்றவர்கள் என்று தள்ளிவிட்டார். மன்னர் வற்புறுத்திய பின்னரே மறுபடியும் தேர்வு நடந்தது. நவம்பர் 11ஆம் நாள் பட்டம் கிடைத்தது. அம்மாத இறுதியிலேயே சோபியா ஹெட்விக்கு என்னும் கப்பல் அவர்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. தேர்வில் ஒருமுறை தோற்றதால் வாழ்வே முடிந்துவிட்டதாகக் கலங்கும் நம் விடுதி நண்பர்கள் இதை நினைவில் கொள்வது நன்று.

ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு, ஏறத்தாழ ஏழரை மாதம் கடலில் அலைந்து, 1706ஆம் ஆண்டு சூலை 9ஆம் நாள் கப்பல் தரங்கம்பாடியை அடைந்தது. அங்கிருந்த டேனிய ஆளுநர் அசியசு அவர்களை விரும்பவில்லை. வாணிகத்துக்கு இவர்கள் இடையூறாவார்கள் என்பது அவர் அச்சம். மன்னரின் ஆணை கையில் இருந்தும், மன்னரின் அலுவலரே பகைவராய் நின்றார்.

இனிச் சொல்லப் போவதுதான் என் உள்ளத்தைக் கவர்ந்த பகுதி. ஐரோப்பியரோடு பழகத் தமிழர்க்குச் சிறிது போர்த்துக்கீசியம் தெரிந்திருந்தால் போதும் என்று அங்கே பலர் வாழ்ந்துகொண்டிருந்தனர். சீகன்பால்கு அப்படி வாழ விரும்பவில்லை. முதியவரான ஒரு திண்ணைப் பள்ளி ஆசிரியரை வேண்டி, அவர் தம் பள்ளியையே தம் வீட்டுக்கு மாற்றிக்கொள்ளச் செய்தார். சிறுபிள்ளைகள் நடுவே தரையில் அமர்ந்து, மணலில் விரலால் அகரமும் ஆகாரமும் எழுதினார். ஹாலேயில் படித்தவர், மன்னரால் அனுப்பப்பட்டவர், ஐந்து வயதுக் குழந்தைக்கு வகுப்புத் தோழரானார். சில மாதங்களில் பேசினார். சில ஆண்டுகளில் தமிழிலேயே எழுதினார். ஏடுகளைத் தேடித் திரட்டினார்; 1708க்குள் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் நூல்களைப் பற்றிக் குறிப்பெழுதி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். நீதிவெண்பா, கொன்றை வேந்தன், உலகநீதி ஆகிய மூன்றையும் செர்மன் மொழியில் பெயர்த்தார். தமிழர் நாகரிகமற்றவர் என்று எண்ணிக்கொண்டிருந்த தம் நாட்டவர்க்கு, அவ்வெண்ணம் பிழை என்று எழுதினார். தாமும் முதலில் அவ்வாறே எண்ணியிருந்ததையும் அவர் மறைக்கவில்லை.

அவரைக் குறையற்ற மனிதராகக் காட்ட நான் விரும்பவில்லை. வந்த புதிதில், ஒரு சிறு கோயிலின் உருவங்களை ஆர்வ மிகுதியால் உடைத்தவர் அவர். அது நம் மனத்தை நோகச் செய்யும் செயலே. ஆனால் அவர் அங்கேயே நின்றுவிடவில்லை. அடுத்த ஆண்டுகளில் ஊரூராகச் சென்று மக்களோடு உரையாடினார், கடிதம் எழுதி விளக்கம் கேட்டார், கேட்டதைக் குறித்துக்கொண்டார். உடைக்க ஓங்கிய கை எழுதக் கற்றுக்கொண்டது. 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களின் வரலாற்றை ஒரு பெருநூலாக எழுதி முடித்தார். அந்நூல் ஹாலேக்குச் சென்றது. அங்கே அதனை அச்சிட மறுத்துவிட்டனர். பிற சமயத்தை ஒழிக்க அனுப்பியவர் அதனை ஐரோப்பாவில் பரப்புவதா என்பது அவர்கள் எண்ணம். 154 ஆண்டுகள் உறங்கிய அக்கையெழுத்து நூல், 1867இல் சென்னையில்தான் அச்சேறியது.

இதற்கிடையே துன்பமும் வந்தது. 1708இன் இறுதியில், ஏழை விதவை ஒருத்தியின் வழக்கில் தலையிட்டார் என்பதைத் தொடர்ந்து மூண்ட பூசலில், ஆளுநர் அவரை டான்சுபர்க்குக் கோட்டையில் சிறையிட்டார். நான்கு மாதம் சிறையில் இருந்தார். வெளியே வந்ததும் விட்ட இடத்திலிருந்து புதிய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பைத் தொடர்ந்தார். 1711இல் அதனை முடித்தார்.

அச்சுப்பொறி வந்த கதையும் சுவையானது. இலண்டனிலுள்ள கிறித்தவ அறிவு வளர்ச்சிக் கழகம் ஒரு பொறியை அனுப்பியது. வழியில் பிரெஞ்சுக்காரர் கப்பலைப் பிடித்தனர். உடன்வந்த அச்சுத் தொழிலாளி கடலிலேயே இறந்தார். பொறி மட்டும் 1712இல் கரை சேர்ந்தது. தமிழ் எழுத்துகள் ஹாலேயில் வார்க்கப்பட்டு வந்தன; அவை பெரியனவாக இருந்தமையால் தாள் மிகுதியாகச் செலவாயிற்று. பின்னர்த் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தனர். 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சாகி முடிந்தது. தமிழில் முதன்முதல் அச்சிட்டவர் இவரே என்று சிலர் எழுதுகின்றனர். அது சரியன்று. 1578இலேயே கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் அச்சாகியிருக்கிறது. ஆனால் நெடுங்காலம் ஓய்ந்து கிடந்த தமிழ் அச்சுக்கலையை மீண்டும் எழுப்பி, விடாமல் நடைபெறச் செய்த பெருமை சீகன்பால்குவுக்கு உரியது.

1714ஆம் ஆண்டின் இறுதியில் அவர் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டார். உடன் சென்றவர் மலையப்பன் என்னும் தமிழ் இளைஞர். கப்பலில் தமிழ் மறந்துவிடாமல் இருக்க, நாள்தோறும் பேசுவதற்கு ஒருவர் வேண்டுமன்றோ! அலைகளின் நடுவே இலத்தீன் மொழியில் தமிழ் இலக்கணம் ஒன்றை எழுதினார். 1716இல் ஹாலேயில் அது அச்சாயிற்று. முதல் பயணத்தில் நம் கரைக்கு மாணவராக வந்தவர், இரண்டாம் பயணத்தில் ஐரோப்பாவுக்குத் தமிழாசிரியராகச் சென்றார். மன்னரைக் கண்டார். திருமணம் செய்துகொண்டார். 1716இல் மனைவியோடு திரும்பினார். 1718இல் புதிய எருசலேம் ஆலயத்தைக் கட்டி முடித்தார். இன்றும் தரங்கம்பாடியில் அது நிற்கிறது.

ஆனால் அவருடைய கடைசி நாட்களைக் கசப்பாக்கியதும் அதே கோபன்ஹேகன்தான். சமயப்பணியை மேற்பார்வையிட அங்கே 1714இல் ஒரு குழு அமைக்கப்பட்டிருந்தது. பணியாளர்கள் பள்ளியும் கட்டடமும் எழுப்புவதில் காலத்தையும் பொருளையும் செலவிடலாகாது, பையின்றி நடந்து சென்று போதிக்க வேண்டும் என்பது அங்கிருந்தவர்களின் கொள்கை. குளிர்நாட்டு அறையில் அமர்ந்து அவர்கள் எழுதிய கடுமையான கண்டனம் இங்கே வந்து சேர்ந்தது. பத்தாண்டுகளுக்கு மேல் வெயிலிலும் நோயிலும் உழைத்தவரை அது புண்படுத்தியது. 1719ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள் சீகன்பால்கு மறைந்தார். அகவை 36. தாம் கட்டிய ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் மறைந்து 37 ஆண்டுகள் கழித்து டேனியர் நிக்கோபாருக்குச் சென்றனர். காய்ச்சல் அவர்களை வாட்டியது. இடம் மாற்றிப் பார்த்தனர், பயனில்லை. பின்னர் 1768 முதல் 1787 வரை, மொரேவியச் சகோதரர்கள் என்னும் சமயத்தார் நான்கவுரித் தீவில் தங்கிப் பாடுபட்டனர். நோய் பலரைக் கொண்டுபோயிற்று. தீவினரின் மொழி அவர்களுக்கு இறுதிவரை எளிதில் வசப்படவில்லை. 1845இல் தரங்கம்பாடி ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டது. 1868இல் நிக்கோபார் உரிமையும் அவ்வாறே கைமாறியது. எங்கள் நிலப்படத்தில் எஞ்சியவை சில பெயர்களே.

இப்போது என் குறிப்பேட்டுக்கு வருகிறேன். கோபன்ஹேகனும் எங்கள் ஊரைப் போலத் தீவின்மேல் அமைந்த நகரமே. அங்கே ஆவணக் காப்பகத்தில், தஞ்சை இரகுநாத நாயக்கர் டேனிய மன்னருக்கு 1620இல் அனுப்பிய தமிழ்ப் பொன்னோலை இருக்கிறது. கிறித்தியன்சுஹாவன் பகுதியில் ஆசியக் கம்பெனியின் பழைய மாளிகை நிற்கிறது. தேசிய அருங்காட்சியகத்தில் கலத்தியா கப்பல் கொண்டுசென்ற பொருள்கள் உள்ளன. இவை மூன்றையும் எழுதிக்கொண்டேன். கடற்கன்னியையும் நண்பருக்காகச் சேர்த்துக்கொண்டேன்.

எழுதி முடித்தபின் ஒரு நினைவு என்னைச் சுட்டது. என் தாத்தா கச்சாலில் முப்பது ஆண்டுகள் நிக்கோபாரியர்க்கு அண்டை வீட்டுக்காரர். அவர்கள் தந்த தேங்காயும் இளநீரும் எங்கள் வீட்டுக் கதைகளில் இன்றும் உண்டு. அவர்களுள் சிலர் எங்களோடு தமிழ் பேசினர். நாங்களோ அவர்கள் மொழியில் ஒரு சொல்லும் கற்கவில்லை. பள்ளியில் ஆறு ஆண்டுகள் என் அருகே அமர்ந்திருந்த நிக்கோபாரி நண்பனிடம் நான் இந்தியில்தான் பேசினேன். அவன் வீட்டில் அம்மாவை எப்படி அழைப்பான் என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஏழரை மாதம் கடல்கடந்து வந்தவர் மணலில் அமர்ந்து கற்றார். ஒரே பெஞ்சில் அமர்ந்த நான் கற்கவில்லை. அவருடைய சமயத்தை நாம் ஏற்கலாம், ஏற்காது விடலாம். அவர் மணலில் அமர்ந்ததை மறக்க முடியுமா?

நண்பர்களே, இப்பல்கலைக்கழகத்தில் நம்மைச் சுற்றி எத்தனை மொழியினர்! தமிழ்ச்சங்கம் வைத்து நம் மொழியைப் போற்றுகிறோம், நன்று. பிறர் நம் மொழியைக் கற்றால் விழா எடுக்கிறோம், அதுவும் நன்று. நாம் எவர் மொழியைக் கற்றோம் என்பதையும் சற்றே எண்ணிப் பார்ப்போமாக.

என் பயணத் திட்டத்தில் ஒரு மாற்றம் செய்திருக்கிறேன். கோபன்ஹேகனுக்குப் புறப்படுமுன் ஊருக்குச் செல்கிறேன். அங்கே அந்த நண்பனைக் கண்டு, எனக்கு ஆசிரியனாக இருக்க வேண்டுவேன். குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் சீகன்பால்குவின் பெயர் இருக்கிறது. அதற்கு அடுத்த பக்கத்தை அவன் சொல்லப்போகும் முதல் சொல்லுக்காக வெறுமையாக விட்டு வைத்திருக்கிறேன்.