41 வயசுல திவால்... மிஞ்சிய எழுத்துகளை வெச்சே ஓவியரானவர்!

உங்க பிசினஸ் மூழ்கிடுச்சு. வயசு 41. இருபது பேருக்கு வேலை கொடுத்தவர், இப்போ ஒரு குடோனின் மாடி அறையில் தனியாள். கையில் இருப்பது ஒரு கை அச்சு இயந்திரமும் கொஞ்சம் பழைய எழுத்துகளும்தான். என்ன செய்வீங்க?

நெதர்லாந்தைச் சேர்ந்த ஹெண்ட்ரிக் வெர்க்மன், அந்த எழுத்துகளை வெச்சே படம் போட ஆரம்பிச்சார்!

1882-ல் அந்நாட்டின் வடக்கே லேன்ஸ் என்ற கிராமத்தில் பிறந்தவர். சின்ன வயசிலேயே அப்பாவை இழந்தவர். கொஞ்ச நாள் பத்திரிகை வேலை பார்த்துவிட்டு, 1908-ல் குரோனிங்கன் நகரத்தில் சொந்தமா அச்சகம் தொடங்கினார். காசுக்கு ஆர்டர் எடுத்து அச்சடித்துக் கொடுக்கும் வேலை. இதற்கிடையே யாரிடமும் படிக்காமல் தானாகவே ஓவியமும் கத்துக்கிட்டார். உள்ளூர் ஓவியர்கள் சேர்ந்து 'கலப்பை' என்ற பொருள்படும் பெயரில் ஒரு குழு நடத்தினாங்க. அதில் இவரும் ஓர் ஆள். குழுவின் போஸ்டர், அழைப்பிதழ் எல்லாம் இவர் கைவண்ணம்தான்.

1923-ல் அச்சகம் மூடப்பட்டது. வயிற்றுப்பாட்டுக்குச் சில்லறை ஆர்டர்கள் தொடர்ந்தன. மிச்ச நேரம் முழுக்க விளையாட்டு! போஸ்டருக்கான பெரிய மர எழுத்துகள், ஒரு பூட்டின் இரும்புத் தகடு... மை தடவ முடிந்ததையெல்லாம் தாளில் பதிச்சுப் பார்த்தார். மை தடவும் உருளையே அவருக்குத் தூரிகை ஆனது. ஒரே தாளைத் திரும்பத் திரும்ப அச்சுக்குக் கொடுத்து, வண்ணத்துக்கு மேல் வண்ணம் ஏத்தினார். அதனால் ஒன்றைப்போல இன்னொன்று இருக்காது.

எழுத்துகளை அடுக்கி உருவம் செய்து வாட்ஸ்அப்பில் அனுப்புறோமே... டைப்ரைட்டரை வெச்சு அந்த மாதிரி வேலையை 1920-களிலேயே செஞ்சு பார்த்தவர் இவர்!

1923 முதல் 1926 வரை தானே ஒரு குட்டிப் பத்திரிகையும் நடத்தினார். வந்தது மொத்தமே 9 இதழ்கள். அதை வெளிநாட்டுக் கலைஞர்களுக்கும் அனுப்பினார். பணம் வரலை. ஆனா, அவர் நிறுத்தலை.

1940 மே மாதம் ஜெர்மனி, நெதர்லாந்தைப் பிடித்தது. சத்தமில்லாமல் அச்சடிக்க ஒரு கை இயந்திரம் போதுமே! நண்பர்களோடு சேர்ந்து 'நீலப் படகு' என்ற பெயரில் ரகசிய வெளியீடுகளைத் தொடங்கினார். மொத்தம் 40 வெளியீடுகள். மேலோட்டமாகப் பார்த்தால் கவிதையும் பழங்கதையும்தான். உள்ளே இருந்தது, அடங்கிப்போக மறுக்கும் மனசு. யூதர்களை ரயிலேற்றி முகாம்களுக்கு அனுப்பிய அதே காலத்தில், யூத ஞானிகளின் கதைகளுக்கு 20 வண்ணப் படங்கள் செஞ்சார். அந்த நாள்களில் அதற்கு எவ்வளவு துணிச்சல் வேணும்னு யோசிச்சுப் பாருங்க.

1945 மார்ச் 13-ல் ஜெர்மன் ரகசிய போலீஸ் அவரைக் கைது செய்தது. ஏப்ரல் 10-ல் பக்கவீன் என்ற ஊருக்கு அருகே உள்ள காட்டில், வேறு ஒன்பது கைதிகளோடு சேர்த்துச் சுட்டுக் கொன்றது. 63-வது பிறந்தநாளுக்கு 19 நாள்களே பாக்கி. அடுத்த மூணாவது நாளே கனடா படைகள் குரோனிங்கனுக்குள் நுழைந்தன!

சோகம் அதோடு முடியலை. போலீஸ் அள்ளிக்கொண்டு போன அவரது ஓவியங்களில் பல, நகரத்தை மீட்க நடந்த சண்டையில் தீக்கிரையாகின. நண்பர்களுக்கு அவர் கொடுத்து வைத்திருந்தவை தப்பின. அதே வருஷம் ஆம்ஸ்டர்டாமின் ஸ்டெட்லிக் மியூசியம் அவருக்காக ஒரு கண்காட்சி நடத்தியது.

இருபது பேர் வேலை பார்த்த பெரிய அச்சகத்தை இன்னைக்கு யாரும் தேடுறதில்லை. அது போன பிறகு, மாடி அறையில் தனியா உட்கார்ந்து அவர் செஞ்சதைத்தான் உலகம் பத்திரமா வெச்சிருக்கு.